ராத்திரி இரண்டு நிமிடம்

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நடந்த சந்திப்பில் இங்கு வசிக்கும் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதை. என் மகனுக்கு 14 வயது இருக்கும்போது ஒரு ராத்திரி பல்வலியில் துடித்துப் போனான். கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. நரம்பு வரை போயிருந்தது. ரூட் கெனால் செய்ய வேண்டியதாயிற்று. தினமும் ஊரார் பிள்ளைகளின் வாயைப் பார்க்கிற நான், என் பிள்ளையின் வாயைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. சின்ன வயதில் நானே தேய்த்துவிட்டேன். வளர்ந்ததும், ‘இனி அவனே பார்த்துக்கொள்வான்’ என்று விட்டுவிட்டேன்.

அவன் காலையில் பல் தேய்க்காமல் இருந்ததே இல்லை. ராத்திரியில்தான் தேய்ப்பதில்லை. டியூஷன் முடிந்து சாப்பாடு, 11 மணிக்குப் படித்துக்கொண்டே பிஸ்கட், சர்க்கரை போட்ட பால், பிறகு போனைப் பார்த்தபடியே தூக்கம். உங்களில் எத்தனை பேர் இப்படி? கை தூக்க வேண்டாம், சிரிப்பிலேயே தெரிகிறது.

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அமிலமாக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் அதைக் கழுவி, பல் இழந்த தாதுக்களையும் திருப்பிக் கொடுக்கிறது. தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். வாட்ச்மேன் இல்லாத ராத்திரியில் நம் கேட் திறந்து கிடப்பது போலத்தான் அது.

இன்னொன்று, எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்று முடிப்பதைவிட, ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸை இரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது பல்லுக்குக் கெடுதல்.

12, 13 வயதில் இரண்டாவது கடைவாய்ப் பற்கள் முளைத்துவிடும். ஞானப்பல் நீங்கலாக 28 பற்கள். இவற்றில் ஒன்று போனால் மறுபடி முளைக்காது.

செய்ய வேண்டியது இதுதான். காலையில் ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை, இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், பட்டாணி அளவு போதும். டியூபின் பின்னால் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேய்த்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள். உடனே தண்ணீரால் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகு தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷை மாற்றுங்கள். ஈறில் ரத்தம் வந்தால் பயந்து நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அங்கே அழுக்கு படிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். மெதுவாக, ஒழுங்காகத் தேயுங்கள். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பல் தேய்த்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘தேய்ச்சியா, தேய்ச்சியா’ என்று கேட்டுக் கேட்டு நான் பார்த்துவிட்டேன், பலனில்லை. பிறகு பத்தரை மணிக்கு நானும் பிரஷை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். முதல் வாரம் முறைத்தான். இப்போது நான் வரத் தாமதமானால் அவனே கூப்பிடுகிறான். வாயைத் துடைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் சொல்கிறான். நாள் முழுக்கக் கேட்டும் கிடைக்காத பேச்சு அது.

இன்று ராத்திரியே ஆரம்பித்துவிடுங்கள்.