பழைய விளையாட்டுக் கருவியும் புதிய கணினித் திரையும்

ஓர் இயந்திரம் தான் பழுதுபடாமலே பயனற்றுப் போவதும் உண்டு. அதனோடு சேர்ந்து தொழிற்பட்ட மற்றோர் இயந்திரம் வழக்கிலிருந்து மறைந்துவிடுவதே அதற்குக் காரணமாகும். யப்பானில் 1983ஆம் ஆண்டு வெளிவந்த நின்ரெண்டோ நிறுவனத்தின் பமிகொம், 1988இல் வந்த சேகாவின் மெகா டிரைவ், 1990இல் வந்த சுப்பர் பமிகொம், 1994இல் வந்த சொனியின் பிளேஸ்ரேசன் முதலிய வீடியோ விளையாட்டுக் கருவிகள் இன்று இத்தகைய நிலையிலேயே உள்ளன. அவற்றுட் பல இன்னும் செவ்வனே இயங்குகின்றன. ஆனால், எந்தத் திரைக்கென அவை செய்யப்பட்டனவோ அந்தப் படக்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளைவிட்டுப் பெரும்பாலும் அகன்றுவிட்டது. மேசைமேல் எஞ்சியிருப்பது கணினித் திரையே. அதனோடு இக்கருவிகளை இணைத்தால் யாது நிகழும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இணைக்க முற்படுவோர் முதலில் நோக்குவது செருகியின் வடிவத்தையே. கருவியிலிருந்து வருவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று முனைகள்; திரையின் பின்புறத்தில் இருப்பதோ பதினைந்து துளைகள் கொண்ட வீ.ஜி.ஏ. வாய். ஒரு பக்கம் அதுவும் மறுபக்கம் இதுவும் பொருந்திய கம்பி கடையில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிச் செருகினால் திரை இருண்டே கிடக்கும். கருவி பழுதென்று எண்ணி அதனை எறிந்துவிடுவோரும் உளர். பழுது கருவியில் இல்லை. அக்கம்பியினுள் சைகையை மாற்றும் சுற்று எதுவுமே இல்லை. வாயின் வடிவம் பொருந்திற்றேயன்றி மொழி பொருந்தவில்லை.

அம்மொழி யாதெனின், அது கால அளவின் மொழியாகும். படக்குழாயினுள் இலத்திரன் கற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாக ஓடிப் படத்தை வரைகிறது. யப்பானிலும் அமெரிக்காவிலும் வழங்கிய முறையில் ஒரு செக்கனில் ஏறக்குறைய 15,700 வரிகள் வரையப்பட்டன. ஐரோப்பாவிலும் இலங்கையிலும் வழங்கிய 625 வரி முறையிலும் இத்தொகை பெரிதும் வேறுபடவில்லை. விளையாட்டுக் கருவிகள் இவ்வேகத்துக்கேற்பவே சைகை அனுப்பின. ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் அறிமுகஞ் செய்த வீ.ஜி.ஏ. முறையோ செக்கனுக்கு ஏறக்குறைய 31,500 வரிகளைக் கேட்பது. அதாவது, இரு மடங்கு. அதன் பின்னர் வந்த கணினித் திரைகளுட் பெரும்பாலானவை அதற்குக் குறைந்த வேகத்தை ஏற்பதேயில்லை. விந்தை யாதெனின், 1985இல் வந்த அமிகா கணினியோடு விற்கப்பட்ட திரைகள் தொலைக்காட்சியின் வேகத்திலேயே இயங்கின. இவ்விடயத்தில் பழைய கணினித் திரையே புதியதைவிடப் பயன்மிக்கது.

ஆகவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டியதாகிறது. சைகையை வாங்கி எச்.டி.எம்.ஐ. முறைக்கு மாற்றித் தரும் சிறு பெட்டிகள் பல விற்பனையில் உள்ளன. அவற்றுள் மலிவானவற்றை வாங்கியோர் படம் தெரிகிறதென்று மகிழ்வர். ஆயினும் மலிந்த மொழிபெயர்ப்பில் இரு குறைகள் ஒளிந்துள்ளன.

முதலாவது குறை படத்தைப் பற்றியது. சாதாரணத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒரு தடவை ஒற்றை வரிகளும் மறு தடவை இரட்டை வரிகளும் வரையப்பட்டு, இரண்டும் சேர்ந்தே முழுப்படமாகும். பழைய விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் இவ்வாறு செய்வதில்லை. ஏறக்குறைய 240 வரிகளை அதே இடத்திலேயே செக்கனுக்கு அறுபது தடவை வரைகின்றன. ஒவ்வொன்றும் தனித்த முழுப்படமாகும். மலிவுப் பெட்டி இதனை அறியாது, அடுத்தடுத்த இரு படங்களை ஒரே படத்தின் இரு பாதிகளெனக் கருதி ஒட்டிவிடுகிறது. இதனால் ஓடும் உருவத்தின் ஓரம் சீப்பின் பற்களைப்போல் பிளவுபடுகிறது. பாத்திரத்தின் நிழலை ஒரு படத்தில் வரைந்து மறுபடத்தில் விட்டுவிடுவது அக்காலக் கலைஞர் கையாண்ட உத்தியாகும். கண்ணுக்கு அது மெல்லிய நிழலாகத் தோன்றும். ஒட்டுவேலையில் அந்நிழல் கோடுகளாகச் சிதைகிறது. சில வேளை அடியோடு மறைந்தும் போகிறது.

இரண்டாவது குறை கண்ணுக்குத் தெரியாதது, எனவே பெரிது. படத்தைச் சேமித்து ஒட்டிப் பெருப்பித்து அனுப்புவதற்கு நேரம் வேண்டும். ஒரு படத்தின் ஆயுள் ஏறக்குறைய 17 மில்லிசெக்கன். மூன்று படங்கள் பின்தங்கினால் 50 மில்லிசெக்கன் கழிந்துவிடும். திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை. ஆனால், 1987இல் நின்ரெண்டோ வெளியிட்ட ‘பஞ்ச் அவுட்’ என்னும் குத்துச்சண்டை விளையாட்டில், எதிரியின் தோள் அசைவதைக் கண்ட கணமே விலகுபவனே தப்புவான். அத்தகையோனுக்கு இத்தாமதம் தோல்வியாகும். சிறு வயதில் வென்ற ஆட்டத்தில் நடுவயதில் தொடர்ந்து தோற்பவர், தம் கைகள் தளர்ந்துவிட்டன என்று வருந்துகிறார். உண்மையில் தளர்ந்தது இடையில் நிற்கும் பெட்டியாக இருக்கலாம். படம் சற்று மங்கினால் பொறுக்கலாம். கை சொன்னதைத் திரை காலந்தாழ்த்திச் செய்வதை விளையாட்டிற் பொறுத்தல் இயலாது.

இக்குறைகளை நீக்கவென்றே சில கருவிகள் ஆக்கப்பட்டுள்ளன. ஓ.எஸ்.எஸ்.சி. எனப்படுவது அவற்றுள் ஒன்று. அதன் அமைப்பு வரைபடங்கள் யாவரும் காணத் திறந்து வைக்கப்பட்டவை. முழுப்படத்தையும் சேமியாது, வந்த வரியை உடனேயே இரண்டு தடவையோ மேலும் சில தடவையோ திருப்பி அனுப்புவதே அதன் செய்கை. ஆதலால் தாமதம் உணரத்தக்கதன்று. ஆயினும் கருவியின் வேகத்தை அது அப்படியே திரைக்குக் கடத்துவதால் வேறொரு தொல்லை நேரும். சுப்பர் பமிகொம் செக்கனுக்கு அறுபதுக்குச் சற்றே மிகுதியாகப் படங்களை அனுப்புகிறது. அச்சிறு மிகுதியைச் சில திரைகள் ஏற்க மறுக்கும். ஐரோப்பிய மெகா டிரைவ் அனுப்பும் ஐம்பதை ஏற்காத கணினித் திரைகள் இன்னும் பல. வாங்குமுன் திரையின் குறிப்பேட்டில் இதனைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவை தனித்தனிக் கம்பியில் வந்தால் படம் மிகத் தெளிவாக அமையும். மெகா டிரைவின் பின்புற வாயிலே இம்மூன்றும் உள்ளன. ஐரோப்பிய ஸ்காட் செருகி மூலம் அவற்றைப் பெறலாம். யப்பானியச் செருகியும் இதே வடிவினது. ஆனால், உள்ளே இணைப்புகள் வேறு. ஒன்றை மற்றொன்றிற் செருகினால் கருவி சேதமடையவுங் கூடும். இங்கும் வடிவம் ஏமாற்றுகிறது. தெளிவு எப்போதும் நன்மையே என்றும் சொல்வதற்கில்லை. 1991இல் வந்த ‘சொனிக்’ விளையாட்டில் நீர்வீழ்ச்சி மெல்லிய நெடுங்கோடுகளால் வரையப்பட்டது. மஞ்சள் முனையின் மங்கலிலே கோடுகள் கலந்து, ஊடே பார்க்கத்தக்க நீராயின. தெளிந்த படத்தில் அவை வெறும் கோடுகளே.

1998இல் யப்பானில் வந்த சேகாவின் டிறீம்காஸ்ற் ஒன்றே இத்தொல்லைகளிலிருந்து பெரிதும் தப்பியது. வீ.ஜி.ஏ. வேகத்தில் நேரே சைகை தரும் ஆற்றல் அதற்கு உண்டு. அதன் விளையாட்டுகளுட் பெரும்பாலானவை இதற்கு இடமளிக்கின்றன. எந்தக் கருவியாயினும் படத்தை நான்குக்கு மூன்று என்ற அளவில் வைத்தல் வேண்டும். அகன்ற திரை முழுவதும் இழுத்தால் உருவங்கள் பருத்துவிடும். கணினித் திரையில் ஒலிபெருக்கி இல்லையாயின் ஒலிக்கு வேறு வழி செய்தல் வேண்டும்.

எந்த மொழிபெயர்ப்பாலும் ஆகாதது ஒன்றுண்டு. அது நின்ரெண்டோவின் ஒளித் துப்பாக்கி. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து நின்ற இடத்தில் மட்டும் வெண்கட்டமொன்று தோன்றும். துப்பாக்கி முனையிலுள்ள கண் அவ்வொளியை அக்கணத்திலேயே காணவேண்டும்; படக்குழாய் வரிவரியாக ஒளிரும் துடிப்பையே அது ஒளியென அறியும். கணினித் திரையில் அத்துடிப்பும் இல்லை. கட்டமும் பிந்தியே தோன்றுகிறது. எவ்வளவு குறிபார்த்துச் சுட்டாலும் குறி தவறியதாகவே கணக்கிடப்படும். ஆகையால் அந்த ஒரு துப்பாக்கிக்காகவே, பாரமான பழைய தொலைக்காட்சிப் பெட்டியை மூலையில் வைத்துக் காத்து வருவோர் இன்றும் உளர்.