மீனுக்கு ‘எஸ்’ உண்டா?

(பட்டினப்பாக்கத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆங்கிலத்தில் ஒழுங்குக்குள் அடங்காத பன்மைச் சொற்களை, அதாவது ஃபுட் – ஃபீட், சைல்ட் – சில்ட்ரன் வகையறாவை, எப்படிக் கற்பிக்கிறேன் என்று கால் மணி நேரம் பேசச் சொன்னார்கள். எப்படிக் கற்பிக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

ஆறாம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். இந்தப் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். ஆகவே எல்லா நோட்டிலும் மீன். ஒரு பையன் ‘மை ஃபாதர் கேட்ச் டென் ஃபிஷ்’ என்று எழுதியிருந்தான். ‘கேட்ச்’ என்பதைத் திருத்திவிட்டு, ஃபிஷ்ஷுக்கு டிக் போட்டேன். ஒரு மாணவி ‘மை மதர் செல்ஸ் மெனி ஃபிஷஸ்’ என்று எழுதியிருந்தாள். ஃபிஷஸ் மேல் சிவப்பு வட்டம் போட்டேன். அதோடு விடாமல், “ஃபிஷ்ஷுக்குப் பன்மையும் ஃபிஷ்தான், எத்தனை தடவை சொல்றது?” என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அடுத்த மூன்று வாரம் அவள் கை தூக்கவில்லை. நோட்டில் பிழையும் இல்லை. முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு நாள் வரிசையாகப் படித்துப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ‘ஐ ஹேவ் எ மதர். ஐ ஹேவ் எ பென். திஸ் இஸ் எ ட்ரீ.’ எல்லாமே ஒருமை. ஒன்றுக்கு மேல் எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள்.

அந்தப் பையனின் நோட்டையும் மறுபடி எடுத்தேன். ‘டூ பிரதர்’, ‘த்ரீ போட்’, ‘டென் ஃபிஷ்’. அவன் எங்குமே எஸ் போடுவதில்லை. ஃபிஷ்ஷில் மட்டும் அது தற்செயலாகச் சரியாகிவிட்டது. விதி தெரியாதவனுக்கு டிக், விதி தெரிந்து அதை ஒரு படி அதிகமாக ஓட்டியவளுக்கு வட்டம். நான் செய்திருந்தது இதுதான்.

இங்கே தமிழாசிரியர்கள் இருக்கிறீர்கள், பிழை இருந்தால் திருத்துங்கள். நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒன்றைச் சொல்கிறது. மாடு வந்தது, மாடு வந்தன. பெயர் மாறுவதில்லை, வினைதான் எண்ணைக் காட்டுகிறது. தமிழில் ‘பத்து மீன் வாங்கினேன்’ என்பது குறையில்லாத வாக்கியம். ‘பத்து’ என்று சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? பேச்சில் அது இன்னும் தெளிவு. மீன் கூடையைப் பார்த்து யாராவது ‘மீன்கள் எவ்வளவு’ என்று கேட்கிறோமா? ஆகவே ‘த்ரீ போட்’ என்று எழுதுகிற பிள்ளை கவனக் குறைவால் எழுதவில்லை. அம்மாவிடம் கற்ற இலக்கணத்தைச் சரியாகக் கடைப்பிடிக்கிறது.

‘டூ ஃபுட்ஸ்’ என்று சொல்கிற பிள்ளையின் கதை வேறு. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். குருவி மாதிரி ஒரு கற்பனைப் பிராணியை வரைந்து, இதன் பெயர் ‘வக்’ என்று சிறு பிள்ளைகளிடம் காட்டினார். அடுத்து இரண்டு பிராணிகள் உள்ள படம். இப்போது இரண்டு என்ன? பிள்ளைகள் பெரும்பாலும் ‘வக்ஸ்’ என்றார்கள். அப்படி ஒரு சொல்லை அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, விதியைத் தாங்களே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தையும் முதலில் ‘ஃபீட்’ என்று சரியாகச் சொல்லிவிட்டு, விதி பிடிபட்டதும் சில காலம் ‘ஃபுட்ஸ்’ என்று சொல்லும். பிறகு மறுபடி ‘ஃபீட்’டுக்கு வரும். நடுவில் வருகிற அந்தப் பிழை வளர்ச்சி.

நானும் ஒரு கோணல் பிராணியை வரைந்து, ‘கிப்’ என்று பெயர் வைத்துக் கேட்டேன். பாதிப் பேர் ‘கிப்ஸ்’, மீதிப் பேர் ‘டூ கிப்’. ஐந்து நிமிடத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ‘டூ கிப்’ என்றவர்களுக்கு ஃபீட், டீத், மைஸ் எதையும் இப்போது கொடுப்பதில்லை. அவர்களுக்கு முதலில் போட்ஸ், நெட்ஸ், பாஸ்கெட்ஸ் காதில் விழ வேண்டும். விதியே இல்லாத இடத்தில் விதிவிலக்கைக் கொண்டுபோய் வைத்தால், ஆங்கிலம் என்றாலே தோன்றியபடி பேசுவது என்று ஆகிவிடும்.

‘கிப்ஸ்’ என்றவர்களோடுதான் இன்றைய தலைப்பு தொடங்குகிறது. அகர வரிசையில் இருபது சொல் கொண்ட சார்ட்டைக் கழற்றிவிட்டேன். இந்தச் சொற்கள் குடும்பம் குடும்பமாக வருகின்றன. ஃபுட் – ஃபீட், டூத் – டீத், கூஸ் – கீஸ் ஒரே குடும்பம். மவுஸ் – மைஸ், லவுஸ் – லைஸ் இன்னொன்று. லவுஸ் என்றால் பேன் என்றதும் வகுப்பே ஒருவர் தலையை ஒருவர் பார்த்தது. அந்தச் சொல்லை யாரும் மறக்கவில்லை. மேன் – மென் சுலபம். உமன்தான் வம்பு. எழுத்து மாறுவது பின்னால், ஒலி மாறுவது முன்னால்: உமன், விமின். கண்ணால் படித்தால் பிடிபடாது. எழுதிப் போடும் முன் பத்து முறையாவது வாயால் சொல்ல வைக்கிறேன்.

“ஏன் மிஸ், ஃபுட்ஸ்னு வெச்சா என்ன?” என்று கேட்டான் ஒருவன். முன்பெல்லாம் “அது அப்படித்தான்” என்பேன். காரணம் இருக்கிறது. மிகப் பழைய காலத்தில் அதன் பன்மை விகுதியில் ஓர் இகர ஒலி இருந்தது. அது தனக்கு முன்னால் இருந்த உயிரைத் தன் பக்கம் இழுத்து மாற்றியது. பிறகு விகுதி தேய்ந்து போயிற்று, மாறிய உயிர் மட்டும் நின்றுவிட்டது. பின்னால் வரும் ஒலி முன்னால் இருப்பதை இழுப்பது நமக்கும் புதிதல்ல. விலை என்று எழுதுகிறோம், “மீன் வெல என்ன” என்று கேட்கிறோம். இடம் எடம் ஆகிறது, உலகம் ஒலகம் ஆகிறது. இதைச் சொன்ன அன்று, அந்தப் பையன் வீட்டுப் பேச்சில் வேறு என்னென்ன மாறுகிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டு வந்தான்.

சில்ட்ரன் இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்திலிருந்து ‘சில்டர்’ என்று ஒரு பன்மை வந்தது. அது பன்மை போல ஒலிக்கவில்லை என்று தோன்றியதோ என்னவோ, அதன் மேல் இன்னொரு பன்மை விகுதியைப் பொருத்திவிட்டார்கள். ஆக்ஸ் – ஆக்ஸன் என்பதில் இருக்கிற அதே விகுதி. நாமும் இதைச் செய்திருக்கிறோம். அவர் என்பது பலர்பால். மரியாதைக்காக ஒருவரையே அவர் என்று சொல்லத் தொடங்கியதும், பலரைக் குறிக்கக் ‘கள்’ சேர்த்து அவர்கள் ஆயிற்று.

பிள்ளைகள் அதற்கும் மேலே ஒரு எஸ் போட்டு ‘சில்ட்ரன்ஸ்’ என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சில்ட்ரன்ஸ் டே, கிண்டி சில்ட்ரன்ஸ் பார்க், எழும்பூர் சில்ட்ரன்ஸ் ஹாஸ்பிட்டல், மென்ஸ் வேர், விமின்ஸ் ஹாஸ்டல்: நகரம் முழுக்கப் பலகைகள் கற்பிக்கின்றன. அந்த எஸ் உடைமைக்கு உரியது, நடுவில் மேலே ஒரு குறி இருக்கும் என்பது ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பலகை பார்த்து எழுதிவரச் சொன்னால் இது ஒரு நல்ல வீட்டுப்பாடம். நாமும்கூட ‘ஆல் ஸ்டாஃப்ஸ்’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறோமே, அதை இங்கே விவாதிக்க வேண்டாம்.

லீஃப் – லீவ்ஸ், நைஃப் – நைவ்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வைத்தால் வந்துவிடும். ரூஃப் மட்டும் ரூஃப்ஸ் என்றே நிற்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீனுக்கு வருகிறேன். ஒரு மாலை லூப் சாலையில் மீன் வாங்கப் போனேன். கடைக்குப் பின்னால் அந்த மாணவி. “வாங்க டீச்சர்” என்றார் அவள் அம்மா. பலகையில் வஞ்சிரம், சங்கரா, கானாங்கத்தை, வவ்வால், பாறை, நெத்திலி தனித்தனிக் கூறாக இருந்தன. எது எந்த மீன், எதற்குக் குழம்பு, எதற்கு வறுவல் என்று அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே போனாள். வகுப்பில் மூன்று வாரமாக நான் கேட்காத குரல். அப்போதுதான் உறைத்தது. ஒரே வகை மீன் எத்தனை இருந்தாலும் ஃபிஷ். பல வகையைச் சொல்லும்போது ஃபிஷஸ் என்பதும் சரி, அகராதியிலேயே இருக்கிறது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, “இதை எழுதும்போது நிறைய மீன்னு நினைச்சியா, வகை வகையான மீன்னு நினைச்சியா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். “எங்கம்மா ஒரே மீனை எப்பவும் விக்க மாட்டாங்க மிஸ்.”

வட்டத்தை அடித்துவிட்டு டிக் போட்டேன். முன்பு சத்தமாகத் திட்டியதால், சத்தமாகவே வகுப்பில் சொன்னேன்: “அவ எழுதுனது சரி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்.” அவள் அன்றைக்கே கை தூக்கிவிடவில்லை. நாலைந்து நாள் ஆயிற்று. தூக்கியபோது கேட்ட கேள்வி இது: “மிஸ், கட்டுமரத்துக்கு இங்கிலீஷ்ல என்ன?”

கேட்டமரான், நம்மிடமிருந்து போன சொல்தான் என்றேன்.

“அப்போ நிறைய இருந்தா, நம்ம வார்த்தைக்கு அவங்க எஸ் போட்டுக்குவாங்களா?”

போட்டுக்கொள்வார்கள், கேட்டமரான்ஸ் என்றேன். பின்வரிசையிலிருந்து அந்த ‘டென் ஃபிஷ்’ பையன் எழுந்தான். “அப்போ நாம பஸ்ஸுக்குக் கள் போட்டு பஸ்கள்னு எழுதுறோமே மிஸ், அதுக்கு இதுவும் சரியாப் போச்சு.”