சிக்னல் இருக்கிறது, சைட் திறக்கவில்லை: என்ன செய்யலாம்?

நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது. அன்று வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "கம்ப்யூட்டர் விஷயம், ஆனால் தண்ணீர் லாரி விஷயம் மாதிரி எல்லாருக்கும் புரிய வேண்டும்" என்றார். முயற்சி செய்கிறேன். முதலில் ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். தவறு என்னுடையது.

நம் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது பிராட்பேண்ட் கேபிள் அறுந்து, இரண்டு நாள் யார் வீட்டிலும் நெட் இல்லாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் இரண்டாவது நாள், என் மாடியிலேயே இருக்கும் ஒரு வீட்டில் பெரிய பதற்றம். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பொறியியல் கலந்தாய்வு. கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய அன்று மாலை 5 மணியோடு நேரம் முடிகிறது. எண்பதுக்கும் மேற்பட்ட கல்லூரி, பாடப்பிரிவுகளை அப்பாவும் மகளும் லேப்டாப்பில் வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். அப்பாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைத்தார்கள். வைஃபை சின்னம் முழுசாகத் தெரிகிறது. போனில் வாட்ஸ்அப் ஓடுகிறது. லேப்டாப்பில் மட்டும் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

அப்பா என்ன செய்தார்? போனில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடி, முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்கு அழைத்தார். எதிர்முனையில் மிக மரியாதையான குரல். "சார், ஒரு சின்ன ஆப் டவுன்லோட் பண்ணுங்க, உங்க ஸ்கிரீனை நான் பார்க்கணும், பத்து ரூபாய் ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் கட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அங்கிள், ஒரு நிமிஷம் வாங்க" என்றாள். நான் போய் முதலில் செய்த வேலை அந்த போன் அழைப்பைத் துண்டித்தது. அப்போது மணி மூன்றரை.

லேப்டாப்பைத் திறந்து பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதில் டிஎன்எஸ் என்ற இடத்தில் இரண்டு எண்கள் கையால் போடப்பட்டிருந்தன. போட்டது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு பிராட்பேண்ட் தகராறு செய்தபோது, இணைப்புக் கொடுக்க வந்தவர் சொன்ன எண்களைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடியோடு மறந்துவிட்டேன்.

அந்த எண்கள் எதற்கு என்று பார்ப்போம். நம் வாசலில் செக்யூரிட்டி இருக்கிறார். கூரியர் தம்பி வந்து ஒரு பெயரைச் சொன்னால், ரிஜிஸ்டரைப் பார்த்து "சி பிளாக், 304" என்கிறார். இணையத்திலும் அப்படித்தான். நாம் டைப் செய்வது பெயர். கம்ப்யூட்டருக்கு வேண்டியது எண். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ரிஜிஸ்டர்தான் டிஎன்எஸ். 1983க்கு முன்னால் இதற்கு ஒரே ஒரு பட்டியல் கோப்புதான் இருந்தது, அமெரிக்காவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வைத்துப் பராமரித்தார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியதும் அது தாங்கவில்லை. அந்த வருடம் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வடிவமைத்த முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

பிராட்பேண்ட் நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் டிஎன்எஸ் சர்வரைத் தங்கள் சந்தாதாரர்களுக்கு மட்டுமே திறந்து வைத்திருக்கும். நம் செக்யூரிட்டி பக்கத்து அபார்ட்மென்ட் ஆளுக்கு நம் வீட்டு விவரம் சொல்லமாட்டார் அல்லவா, அதே மாதிரி. அன்று லேப்டாப் மொபைல் நிறுவனத்தின் பாதையில் வந்து, பிராட்பேண்ட் நிறுவனத்தின் செக்யூரிட்டியிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வாயே திறக்கவில்லை. போன் தன் மொபைல் நிறுவனத்தின் ரிஜிஸ்டரைக் கேட்டது, அதனால் போனில் எல்லாம் ஓடியது. கோளாறு இவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் என்ன செய்வது? வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் படி, போனையே சோதியுங்கள். போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் மட்டும் ஏதாவது ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான்கு கோடு சிக்னல் இருந்தாலும் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கலாம். பல பிளான்களில் தினசரி அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்க்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப் செய்தி தட்டுத்தடுமாறிப் போகும், பக்கம் திறக்காது. இது டிஎன்எஸ் கோளாறு அல்ல, ரீசார்ஜ் விஷயம். போனில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒரு செட்டிங்கும் உண்டு, ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது. யாராவது அதில் தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் போனே தடுமாறும். அதை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.

இரண்டாவது படி, பாதை இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் ஸ்டார்ட்டை அழுத்தி, ஆங்கிலத்தில் சிஎம்டி என்று மூன்று எழுத்து டைப் செய்து என்டர் கொடுத்தால் ஒரு கறுப்புத் திரை வரும். பயப்பட ஒன்றும் இல்லை. அதில் பிங் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று அடியுங்கள். "ரிப்ளை ஃப்ரம்" என்று வரிகள் வந்தால் பாதை சரி. அடுத்து எண்ணுக்குப் பதிலாக கூகுள் டாட் காம் என்று பெயரைப் போட்டு அதே பிங் கொடுங்கள். "குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட்" என்று வந்தால் பிடித்துவிட்டீர்கள். எண் தெரிந்தால் போக முடிகிறது, பெயர் சொன்னால் போக முடியவில்லை. கோளாறு ரிஜிஸ்டரில்தான். குரோம் பிரவுசரில் டிஎன்எஸ் ப்ரோப் என்று தொடங்கும் ஒரு வரி தெரிவதும் இதையேதான் சொல்கிறது. எண்ணுக்கே பதில் வரவில்லை என்றால் ஹாட்ஸ்பாட்டை ஒரு முறை அணைத்துப் போட்டு முதல் படிக்குத் திரும்புங்கள்.

மூன்றாவது படி, செட்டிங்கைப் பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை. அங்கே ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ், இணைந்திருக்கும் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸ் இரண்டிலும் டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட் என்ற வரியைத் தேடுங்கள். மேனுவல் என்று இருந்தால், அங்கிருக்கும் எண்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஆட்டோமேட்டிக் என்று மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் 10 என்றால் சேஞ்ச் அடாப்டர் ஆப்ஷன்ஸ் போய், வைஃபை மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4, மறுபடி ப்ராப்பர்ட்டீஸ். கீழ்ப்பாதியில் டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். வெர்ஷன் 6 என்பதையும் இதேபோல் தானாக விடுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் வைஃபை, டீட்டெய்ல்ஸ், டிஎன்எஸ் என்று போய், கையால் சேர்த்த எண்களை எழுதிக்கொண்டு மைனஸ் பட்டனால் நீக்கிவிடலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். யுஎஸ்பி கேபிளில் போனை இணைத்தாலோ டாங்கிள் செருகினாலோ லேப்டாப் அதை வேறொரு இணைப்பாகப் பார்க்கும். வைஃபையில் திருத்தியது அதற்குப் பொருந்தாது. அதற்குரிய இடத்தில் தனியாகப் பார்க்க வேண்டும்.

நான்காவது படி, பழைய ஞாபகத்தை அழியுங்கள். லேப்டாப்பும் பிரவுசரும் பழைய பதில்களைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ஐந்தாவது படி, அலுவலக விபிஎன் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் துண்டியுங்கள். அது தன் அலுவலக ரிஜிஸ்டரைத்தான் கேட்கும். ஒரு பிரவுசரில் திறக்கிறது, இன்னொன்றில் திறக்கவில்லை என்றால், திறக்காத பிரவுசரின் செட்டிங்ஸில் செக்யூர் டிஎன்எஸ் என்ற இடத்தைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆட்டோமேட்டிக்கிலும் வேலை செய்யவில்லை என்றால் மட்டும், எல்லாருக்கும் பதில் சொல்லும் பொது சர்வர் எண்களைப் போடலாம். கூகுளின் எண்கள் 8.8.8.8, 8.8.4.4. கிளவுட்ஃபிளேரின் எண்கள் 1.1.1.1, 1.0.0.1. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. போட்ட தேதியையும் எண்ணையும் எழுதி வையுங்கள். நான் எழுதி வைக்காததால் வந்த வினையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

உங்களுக்குத் தெரியாத எண் அங்கே உட்கார்ந்திருந்தால் அலட்சியம் வேண்டாம். ரிஜிஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் கூரியரை எந்த வீட்டுக்கும் அனுப்பலாம். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீம்பொருள் செய்தது இதைத்தான். சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் இந்த எண்ணை மாற்றி, மக்களைத் தவறான பக்கங்களுக்கு அனுப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. ஆனால் அந்தத் திருட்டு சர்வர்களை உடனே அணைத்தால் அத்தனை பேருக்கும் நெட் நின்றுவிடும் என்பதால், அவற்றுக்குப் பதில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். யார் மாற்றியது என்றே தெரியாத எண்ணைப் பார்த்தால், அதை எழுதிக்கொண்டு, ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றி, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள். அது முடியும்வரை அந்த லேப்டாப்பில் வங்கிப் பக்கம் திறக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது, பதற்றத்தில் எண் தேடாதீர்கள். கஸ்டமர் கேர் எண் உங்கள் பில்லிலோ, நிறுவனத்தின் சொந்த ஆப்பிலோ இருக்கும். அதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஸ்கிரீனைக் காட்டச் சொல்லி ஆப் போடச் சொன்னால் அழைப்பை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்கு அழையுங்கள். அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அன்று என்ன ஆனது என்று கேட்பீர்கள். எண்களை எடுத்துவிட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்ய ஏழெட்டு நிமிடம் ஆனது. அதற்குள் அந்தப் பெண் அப்பாவின் போனிலேயே முதல் பத்துக் கல்லூரிகளைப் போட்டு முடித்திருந்தாள். அதுவும் நல்ல பாடம். கெடு இருக்கும்போது முதலில் கையில் ஓடுகிற கருவியில் வேலையை முடியுங்கள், ரிப்பேர் பிறகு. மீதிப் பட்டியலை லேப்டாப்பில் போட்டு நாலே முக்காலுக்குச் சமர்ப்பித்தாள். அவள் அப்பா எனக்கு நன்றி சொல்லி காபி கொடுத்தார். அந்த எண்களைப் போட்டது யார் என்று காபி குடித்த பிறகுதான் சொன்னேன். சிரித்துவிட்டார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். நெட் நன்றாக ஓடும்போதே ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை ஒரு முறை இணைத்துப் பாருங்கள். ஓடினால் நிம்மதி. ஓடவில்லை என்றால் நான் சொன்ன வரிசையில் பாருங்கள், அல்லது ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளப் ஹவுஸுக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். என்ன மாற்றினோம் என்பதை இந்த முறை எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.