பழைய கருவியும் புதிய கணிப்பொறியும்



மாஹிம் ரயில் நிலையத்தில் கிழக்குப் பக்கமாக இறங்கித் தாராவிக்குள் நுழைகிறவர் காதில் தமிழ் ஒலி விழாமல் இராது. தை பிறந்துவிட்டால் அதனுடன் திருமண வீட்டுப் பாட்டும் சேர்ந்துகொள்ளும். முற்காலத்தில் ஒலிபெருக்கிக்காரர் பெட்டி நிறைய இசைத்தட்டுகளுடன் வருவார். இன்று அவருடைய இடத்தில் 'டி.ஜே.' என்று அழைக்கப்படும் இளைஞர் வருகிறார். அவர் முன்னே ஒரு மடிக்கணினி. பக்கத்தில் இரண்டு சுழல் வட்டுகளும் பல பொத்தான்களும் கொண்ட ஒரு பலகை. பாட்டுகள் கணிப்பொறிக்குள் இருக்கின்றன. அவற்றை நடத்தும் கடிவாளம் அந்தப் பலகை.

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் அத்தகைய இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். தாயாரின் சங்கிலியை அடகு வைத்து, பிறர் பயன்படுத்திய பலகை ஒன்றை அவர் முன்பே வாங்கியிருந்தார். பழைய மடிக்கணினி பழுதாகிவிடவே, கடன்பட்டுப் புதியது வாங்கினார். நான்கு திருமணங்களுக்கு முன்பணமும் பெற்றாகிவிட்டது. "அண்ணாச்சி, பலகையில் விளக்கு எரிகிறது, ஆனால் கணிப்பொறிக்கு இது யாரென்றே தெரியவில்லை" என்றார். கடைக்காரர் ஒருவர், பலகையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குமாறு கூறிவிட்டாராம்.

பலகையில் பழுது ஏதும் இல்லை. பின் என்னதான் தடை? மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அது எளிதில் விளங்கிற்று. கருவி பேசுவது ஒரு மொழி. கணிப்பொறி அறிந்தது வேறு மொழி. இடையே 'டிரைவர்' என்னும் துபாஷி ஒருவர் இருக்கவேண்டும். அந்தத் துபாஷி ஒரு சிறிய மென்பொருள். பழைய கணிப்பொறிக்கென எழுதப்பட்ட துபாஷிக்குப் புதிய கணிப்பொறியில் இடமில்லாமற் போனதே சிரமத்தின் காரணம்.

இதற்குச் சான்றுகள் பல. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட் அமைப்பு. 32 பிட்டுக்கென எழுதிய டிரைவர் அதில் இயங்காது. விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்ட பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தமையால், பலர் புதிய அமைப்புக்கு மாறவேண்டியதாயிற்று. ஆப்பிள் நிறுவனமோ 2019-இல் 32 பிட் செயலிகளைக் கைவிட்டது. 2025-இல் வந்த டஹோ பதிப்பில் ஃபயர்வயர் இணைப்பையும் நீக்கிவிட்டது. கருவியைச் செய்த நிறுவனம் புதிய டிரைவர் எழுதித் தராவிட்டால், நல்ல கருவியும் ஊமையாகிவிடுகிறது.

ஆயினும் ஒரு பொதுமொழி உண்டு. அதன் பெயர் மிடி. 1983-இல் வெவ்வேறு நிறுவனத்தார் செய்த இரண்டு இசைக்கருவிகளை ஒரே கம்பியால் இணைத்து அதன் ஆற்றலைக் காட்டினார்கள். அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானியரான இகுதாரோ ககேஹாஷியும் இதற்காக 2013-இல் கிராமி தொழில்நுட்ப விருது பெற்றனர். எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எந்த வட்டு எவ்வளவு சுழன்றது என்பதை எண்களாகச் சொல்வதே மிடியின் வேலை. யூ.எஸ்.பி. வழியாக இந்தப் பொதுமொழியை அப்படியே பேசும் கருவிக்குத் தனி டிரைவர் தேவையில்லை. கணிப்பொறியே அதனை அறிந்துகொள்ளும்.

நம் இளைஞரின் பலகையில் இரண்டு பகுதிகள் இருந்தன. பொத்தான்களும் வட்டுகளும் மிடி பேசின. ஒலியை வெளியிடும் பகுதி மட்டும் தன் நிறுவனத்தின் மொழியையே பேசிற்று. ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுத்தோம். மிக்ஸ் என்னும் இலவசச் செயலியை நிறுவினோம். எந்தப் பொத்தானுக்கு என்ன பொருள் என்பதை அதில் நாமே எழுதிக்கொள்ளலாம். பெரிய ஒலிபெருக்கிக்கு மடிக்கணினியின் சொந்த ஒலிவாயில். அடுத்த பாட்டை முன்கூட்டிக் கேட்கும் காதணிக்கு ஒரு சிறிய யூ.எஸ்.பி. ஒலி அட்டை. பலகை அவ்வப்போது துண்டிக்கப்பட்டதால், தனி மின்சாரம் பெறும் இணைப்புப் பெட்டி ஒன்றை இடையில் வைத்தோம். பொத்தான்களுக்குப் பொருள் எழுதி முடிக்க இரண்டு இரவுகள் ஆயின.

முழு வெற்றி என்று கூறமாட்டோம். பலகையின் ஒலிவாங்கித் துளை மீளவில்லை. ஒலிவாங்கியை நேரே பெருக்கியில் செருகவேண்டியதாயிற்று. எல்லாக் கருவிகளுக்கும் இவ்வழி பொருந்தும் என்பதுமில்லை. மிடி பேசாத கருவியாயின், பழைய கணிப்பொறி ஒன்றை இணையத்தில் சேர்க்காமல் அந்தப் பணிக்கென்றே வைத்துக்கொள்வது நலம். பழைய டிரைவருக்காகப் புதிய கணிப்பொறியின் பாதுகாப்பைத் தளர்த்துவது மட்டும் தகாது.

பழைய கருவி வாங்க எண்ணுவோர் இரண்டு செய்திகளை மனத்திற்கொள்க. தம் கணிப்பொறியைக் கடைக்கே எடுத்துச் சென்று, டிரைவர் ஏதும் நிறுவாமல் இணைத்துப் பார்க்கவேண்டும். டிரைவர் கிடைக்கும் காலத்திலேயே அதன் பிரதி ஒன்றைச் சேமித்தும் வைக்கவேண்டும்.

முதல் திருமணத்திற்கு நாமும் சென்றிருந்தோம். பாட்டு தடையின்றி ஒலித்தது. விதிப்படி இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திய அந்த இளைஞர், பலகையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். "இந்தத் தையிலேயே அம்மாவின் சங்கிலியை மீட்டுவிடுவேன், அண்ணாச்சி" என்றார்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இச்செய்தி புதிதன்று. வந்த இடத்தில் நம் சொல் விளங்காதபோது நம்மிடம் குறை இருப்பதாகப் பொருளில்லை. இடையே பேச ஒருவர் இல்லை என்பதே பொருள். கருவிகளையும் அவ்வாறே கருதுவோமாக.