இங்கிலீஷ் வார்த்தையும் மனிதனுடைய சுதந்திரமும்



இங்கிலீஷ் வாக்கியங்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் பலர், "இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சமாச்சாரமாயிற்றே, நமக்கு என்ன சம்பந்தம்?" என்று நினைத்திருக்கலாம். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைக் கடைசிவரை கேட்டுவிட்டு உங்கள் அறிவுக்குப் பட்டபடி முடிவு செய்து கொள்ளுங்கள். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக் கொள்ள வேண்டாம்.

ஒருவன் 'ஐ ஸ்டாப்டு டிரிங்கிங்' என்கிறான். குடிப்பதை விட்டுவிட்டேன் என்று அர்த்தம். இன்னொருவன் 'ஐ ஸ்டாப்டு டு டிரிங்க்' என்கிறான். போகிற வழியில் குடிப்பதற்காக நின்றேன் என்று அர்த்தம்! காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் ஆசாமியின் மனைவி சந்தோஷப்படுவாள். இரண்டாவது ஆசாமியின் மனைவி என்ன செய்வாள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. (சிரிப்பு) அதுபோலவே 'ஹீ ஹாஸ் எ ஃப்யூ ஃபிரண்ட்ஸ்' என்றால் அவனுக்குச் சில சிநேகிதர்கள் உண்டு என்பதாகும். 'எ' என்கிற அந்த ஓரெழுத்தை எடுத்துவிட்டாலோ, ஐயோ பாவம், சிநேகிதர்களே அதிகமில்லாதவன் என்றாகிவிடும்.

இவையெல்லாம் தமாஷ். ஆனால் இதே மாதிரி இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஒரு மனிதன் ஜெயிலில் அகப்பட்டுக் கொண்ட கதையும் உண்டு.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791-லும் 1868-லும் சேர்ந்த திருத்தங்களில், 'டியூ பிராசஸ் ஆஃப் லா' இல்லாமல் ஒருவனுடைய உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாதென்று கண்டிருக்கிறது. நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவிலோ, 'புரொசீஜர் எஸ்டாப்ளிஷ்டு பை லா' என்பதன்படி அல்லாமல் பறிக்கக் கூடாதென்று இருக்கிறது. இரண்டையும் தமிழில் சொல்லச் சொன்னால் "சட்டப்படி அல்லாமல்" என்றுதானே சொல்லுவோம்? மர்மம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஊரில், தாழ்த்தப்பட்டவன் இந்தத் தெருவில் நடந்தால் அபராதம் என்று கட்டுப்பாடு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அபராதம் கட்டச் சொன்னவனைப் பார்த்து, "ஊர்க் கட்டுப்பாட்டின்படி கூட்டம் போட்டுத்தான் விதித்தாயா?" என்று கேட்பது ஒன்று. "இந்தக் கட்டுப்பாடே மனிதத்தன்மைக்கு ஏற்றதா?" என்று கேட்பது முற்றிலும் வேறு. இரண்டாவது கேள்வியை ஜட்ஜு கேட்கலாம் என்பது அமெரிக்க வாசகம். முதல் கேள்வியோடு ஜட்ஜு நின்று கொள்ள வேண்டும் என்று நம் வாசகத்துக்கு அர்த்தம் செய்தார்கள்.

ஏன் இப்படி எழுதினார்கள்? வேண்டுமென்றே மக்களை ஏமாற்றினார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் 1947-ல் அமெரிக்கா சென்று ஜட்ஜு பிராங்க்பர்ட்டரைக் கண்டபோது, அந்த வாசகம் ஜட்ஜுகளுக்கு மிதமிஞ்சிய அதிகாரம் கொடுப்பது என்று அவர் சொன்னார். அது பொய்யல்ல. ரொட்டி சுடும் தொழிலாளியை வாரத்துக்கு 60 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்று நியூயார்க்கில் செய்த சட்டத்தை, 1905-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு இந்த வாசகத்தைக் காட்டித்தான் ரத்து செய்தது. தொழிலாளியின் 'சுதந்திரம்' போய்விட்டதாம்! இம்மாதிரி ஜட்ஜுகள் இங்கும் கிளம்பினால் ஏழைகளுக்கு நன்மை செய்யும் சட்டம் ஒன்றும் உருப்படாது அல்லவா? டாக்டர் அம்பேத்கர் 1948 டிசம்பரில் சபையில் பேசியபோது இரண்டு பக்கத்து ஆபத்தையும் சொல்லி, முடிவைச் சபைக்கே விட்டார். சபையும் புது வாசகத்தையே வைத்துக் கொண்டது.

1950 ஜனவரி 26-ல் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. சென்னை ராஜ்யத்து ஜெயிலில் விசாரணையின்றி அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் ஏ. கே. கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 'லா' என்றால் சட்டசபை எழுதியது மட்டுமல்ல, நியாயமும் அதில் அடங்கும் என்று அவர் பக்கத்தில் வாதித்தார்கள். மே 19-ல் ஆறு ஜட்ஜுகள் தீர்ப்புச் சொன்னார்கள். 'லா' என்றால் சட்டசபை செய்த சட்டமே, அமெரிக்க வாசகம் வேண்டுமென்றே விடப்பட்டது என்பது பெரும்பாலோர் அபிப்பிராயம். காவலின் காரணத்தைக் கோர்ட்டிலும் வெளியிடக் கூடாது என்ற ஒரு பிரிவை மட்டும் தள்ளினார்கள். ஜட்ஜு பஸல் அலி ஒருவர், குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தெரிவிப்பதும், அவன் சொல்வதைக் கேட்பதும், பட்சபாதமற்றவர் விசாரிப்பதும் 'புரொசீஜர்' என்ற வார்த்தைக்குள்ளேயே இருக்கின்றன என்று மாறுபட்டு எழுதினார். ஒரு வார்த்தையைப் பார்த்து ஒரு ஜட்ஜுக்கு நியாயம் தெரிகிறது, மற்றொரு ஜட்ஜுக்குத் தெரியவில்லை! வேத வாக்கியத்துக்குப் பண்டிதர்கள் அர்த்தம் சொல்லுவதும் இப்படித்தானே?

ஆனால் வேத வாக்கியத்தைப் போல் இதை யாரும் கேள்வி கேட்காமல் விட்டுவிடவில்லை. 28 வருஷம் வக்கீல்களும், ஜெயிலில் கிடந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். சர்க்கார் 1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டைக் காரணம் சொல்லாமல் பறித்துக் கொண்ட வழக்கில், 1978 ஜனவரி 25-ல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டம் ஏற்படுத்தும் முறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லிற்று. 21-வது பிரிவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அர்த்தம்தான் மாறிற்று. தோழர் கோபாலன் அதற்குப் பத்து மாதம் முன்னரே, 1977 மார்ச் 22-ல், காலமாகிவிட்டார்.