வாய் திறந்தால் வலி குறையும்



இன்றைய பேச்சு புற்றுநோய் பற்றியது. நோய் முற்றிய பிறகு நோயாளியும் குடும்பமும் என்ன பேசிக்கொள்வது என்பது பற்றியது.

"நோய் முற்றிவிட்டது. இனிப் பேசி என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இந்தக் கதை பல வீடுகளில் நடப்பது.

ஏர்பேடு, ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் நடுவில் இருக்கும் ஊர். முன்பு சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம்.

அந்த ஊர்ப் பக்கம் ஒரு விவசாயி. வேர்க்கடலை பயிரிடுபவர். சிறு வயதிலிருந்தே பீடிப் பழக்கம். இருமல் வந்தது. உடம்பு மெலிந்தது. திருப்பதியில் பரிசோதனை செய்தார்கள். நுரையீரலில் புற்றுநோய். முதுகெலும்புக்கும் பரவியிருந்தது.

டாக்டர் மகனிடம் சொன்னார். மகன் அம்மாவிடம் சொன்னான். அப்பாவிடம் இருவரும் சொல்லவில்லை. "நெஞ்சில் சளி கட்டியிருக்கு" என்றார்கள்.

அப்பாவும் ஒன்றை மறைத்தார். இரவில் முதுகு வலி உயிரை எடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். "சொன்னால் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். பையன் மாட்டை விற்றுவிடுவான்" என்று நினைத்தார்.

ஒரே வீடு. மூன்று பேர். மூன்று பேரும் தனித்தனியாக அழுதார்கள்.

பெஞ்சில் நடந்த பேச்சு

அன்று கீமோ மருந்து ஏற்றும் நாள். வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலையில் முக்காடு போட்ட ஓர் அக்கா. அவரும் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்.

"முடி கொட்டிப்போச்சே, திரும்ப வருமா அக்கா?" என்று அம்மா கேட்டார்.

"மருந்து முடிஞ்சா சில மாசத்துல முளைக்கும் தங்கச்சி. அதை விடு. காய்ச்சல் வந்தாத்தான் பயப்படணும். இந்த மருந்து போட்டா உடம்புல எதிர்ப்புச் சக்தி குறையும். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்."

"கதிர்வீச்சும் கொடுப்பாங்களாம். உடம்பு சுடுமா? அப்புறம் பேரனைத் தூக்கலாமா?"

"மெஷினுக்கு அடியில கொஞ்ச நேரம் அசையாம படுக்கணும். எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான். அப்போ வலிக்காது. வெளியிலிருந்து கொடுக்கிற கதிர் உடம்புல தங்காது. பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம். இது ஒட்டுற நோய் இல்லை."

பிறகு அந்த அக்கா கேட்டார்: "உன் வீட்டுக்காரர் வலிக்குதுன்னு சொல்றாரா?"

"இல்லை அக்கா. ஒண்ணுமில்லேங்கிறார்."

"ராத்திரி தூங்குறாரா?"

அம்மா பதில் சொல்லவில்லை.

"நானும் இப்படித்தான் மறைச்சேன். வலியை டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லு. வலிக்கு மருந்து இருக்கு."

"எத்தனை மார்க்?"

மூவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் கேட்டார்: "வலியே இல்லேன்னா 0. தாங்கவே முடியாத வலின்னா 10. உங்க வலிக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

அப்பா மகனைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். "ஒன்பது" என்றார்.

டாக்டர் மார்பின் மாத்திரை எழுதினார். மகன் பயந்தான். "அது போதை மருந்தாச்சே சார்?"

மார்பின் அபினிச் செடியிலிருந்து கிடைப்பது. அதனால் 1985இல் வந்த சட்டம் அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நோயாளிகளுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவத்துக்கு அதைப் பெறும் வழி எளிதானது. வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது அரிது. வலி வந்த பிறகு சாப்பிடுவதைவிட, டாக்டர் சொன்ன நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். மலச்சிக்கல் வரும். அதற்கும் மருந்து தருவார்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது.

முதுகெலும்புக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இது நோயை வேரோடு எடுக்க அல்ல. வலியைக் குறைக்க. "கால் மரத்துப் போனாலோ, நடக்க முடியாமப் போனாலோ, சிறுநீர் அடைச்சாலோ ஒரு நாளும் காத்திருக்காதீங்க. உடனே வாங்க" என்றார் டாக்டர்.

அப்போது அப்பா கேட்டார்: "எனக்கு என்ன நோய் சார்?"

"எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?"

"எல்லாமே."

டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். மகன் அழுதான். அப்பா அவன் தோளைத் தொட்டார். "எனக்குத் தெரியும்டா. சளிக்கு யாராவது முடி கொட்டுற மருந்து ஏத்துவாங்களா?"

அன்று இரவு மூவரும் நெடுநேரம் பேசினார்கள். நிலத்துப் பாஸ்புக்கில் பெயர் மாற்ற வேண்டும். நகைக் கடனை அடைக்க வேண்டும். கட்டிக்கொடுத்த மகளை வரவழைக்க வேண்டும். மறைத்திருந்தால் இந்தப் பேச்சு நடந்தே இருக்காது.

துயரம் கட்டிய ஆஸ்பத்திரி

குடும்பத்தின் துயரம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. வெளியே வந்தால் ஊருக்கே உதவும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா அந்தத் துயரத்தை மனத்தில் பூட்டி வைக்கவில்லை. ஊர் ஊராகப் பேசினார். பணம் திரட்டினார். 1954இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வலி தணிக்கும் சிகிச்சை தொடங்கினார்கள். பிறகு ஊர் மக்களே தொண்டர்களானார்கள். வீடு தேடிப் போனார்கள். புண்ணைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். உட்கார்ந்து பேச்சைக் கேட்டார்கள். கேட்பதும் ஒரு மருந்துதான்.

எதைச் சொல்லலாம்? எதைச் சொல்லக் கூடாது?

பட்ட அனுபவத்தைச் சொல்லலாம். வாய்ப்புண் வந்தபோது என்ன சாப்பிட முடிந்தது, வாந்தி வந்தபோது டாக்டரிடம் என்ன கேட்டோம் என்று சொல்லலாம்.

மருந்தை மட்டும் பகிரக் கூடாது. ஒருவர் மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது. "இந்த வேரைச் சாப்பிட்டேன், கீமோவை நிறுத்திவிட்டேன்" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள். "எல்லாம் உன் தலைவிதி" என்று யாரும் சொல்லவே கூடாது.

உதவிகளைப் பற்றியும் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகும் ஒருவருக்கு அதே வகுப்பில் 75 சதவீதம் சலுகை. ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான மேஜையில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

ஏர்பேட்டு அப்பா குணமாகவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்த இரவுகள் முடிந்தன. திண்ணையில் உட்கார்ந்தார். பேரனை மடியில் வைத்துக் கடலை உரித்துக் கொடுத்தார். போவதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இந்த நோயோடு யாராவது இருக்கிறார்களா? இன்றே பக்கத்தில் போய் உட்காருங்கள். "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.