கோடுகள் பொய் சொல்லாது, ஆனால்...
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2011-ல் இக்கல்லூரியை விட்டுப் போனவன் நான். பெரிய விஷயம் எதுவும் பேசப் போவதில்லை. கடைச் சாமானில் ஒட்டும் பார்கோடு விலைச் சீட்டைப் பற்றித்தான் பேச்சு.

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டிராய் என்ற ஊர்க் கடையில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதன்முதலில் இப்படிக் கோடு படித்து விற்றார்கள். இன்று நம் தெருக் கடையிலும் 'பீப்' சத்தம் கேட்கிறது. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அந்தக் கம்பெனி தன் எண்ணை இந்தியாவில் வாங்கியது என்பதே பொருள்.

இன்னொன்று. கோட்டுக்குள் பொதுவாக விலை இருக்காது. எண் மட்டும்தான். ஸ்கேனர் அந்த எண்ணை கீபோர்டில் தட்டுவது போலத் தட்டும். விலையைத் தருவது நம்முடைய பட்டியல். இதை நினைவில் வையுங்கள். கதை இங்கேதான் வருகிறது.

2019-ல் என் மாமாவின் பாத்திரக் கடைக்கு எக்செல்லில் சீட்டு செய்து கொடுத்தேன். செலவு அதிகமில்லை. எண், பெயர், விலை, கோடு என்று நான்கு பத்திகள். எண் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். கடைக்குள் மட்டும் புழங்கும் எண்ணுக்கு 'கோடு 39' போதும். இலவச எழுத்துருவே கிடைக்கிறது. எண்ணின் இருபுறமும் நட்சத்திரக் குறி வேண்டும்: ="*"&ஏ2&"*" என்கிற மாதிரி ஒரு சூத்திரம், அவ்வளவுதான். (கட்டத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) பிறகு வேர்டில் மெயில் மெர்ஜ். ஒரு ஏ4 தாளில் 65 சீட்டு வரும். சீட்டு சிறிது, ஆகவே ஐந்து இலக்கத்துக்கு மேல் எண் வேண்டாம். கோட்டின் இரு பக்கமும் வெள்ளை இடம் விடுங்கள். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அடியுங்கள். அழகுக்காகச் சிவப்பில் கோடு போடாதீர்கள். பல ஸ்கேனர்களின் ஒளியே சிவப்பு, அதற்கு அந்தக் கோடு தெரியாது.

எல்லாம் ஜோராக நடந்தது. மாமாவுக்கு ஒரே பெருமை. தீபாவளிக்கு முன் புதிதாக வந்த 48 உருப்படிகளைச் சேர்த்தேன். வரிசைப்படுத்தும்போது அவசரத்தில் விலைப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டேன். எக்செல் எச்சரிக்கை காட்டியது. படிக்காமல் தட்டினேன். பெயர்கள் அப்படியே நிற்க, விலைகள் மட்டும் இடம் மாறிப்போயின. தூக்குவாளி விலை டிபன் கேரியருக்கு. டிபன் கேரியர் விலை கரண்டிக்கு.

பில் போடும் பெண் இரண்டாம் நாளே போன் செய்தார். "அண்ணே, கேரியர் விலை ரொம்பக் கம்மியா வருதுண்ணே." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா. நீ ஸ்கேன் பண்ணு, போதும்."

விலை ஏறிப்போன சாமான் கடையிலேயே கிடந்தது. இறங்கிப்போனது பறந்துவிட்டது. மாதக் கடைசியில் சரக்கு போயிருக்கிறது, அதற்கேற்ற பணம் இல்லை. பழி யார் மேல் விழும்? கல்லாவில் உட்கார்ந்தவர் மேல்தான். "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று மாமா சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் ஒரு நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சந்தேகப்பட்ட ஒவ்வொரு சாமானும், பில்லில் வந்த விலையும், தேதியோடு. அதைப் பார்த்துத்தான் என் தப்பு எனக்கே புரிந்தது. மறுநாள் மாமாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் அம்மா மோர் கொடுத்தார். குடிக்கவே கூச்சமாக இருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "நான் திருடலேன்னு கடையில எல்லார் முன்னாடியும் சொல்லணும்." மாமா சொன்னார். நானும் சொன்னேன். அவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். புதிய பட்டியலை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே சீட்டு அடிக்கிறோம்.

கடைகளில் பார்க்கும் 13 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே அந்த இலக்கம். 200000010025 என்றால் கூட்டுத்தொகை 22, காவல்காரன் 8. அழகான கணக்கு! ஆனால் அது எண்ணைத்தான் காக்கும், விலையைக் காக்காது. அதைக் காக்க ஒரு மனிதர் வேண்டும்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்கள் இதைவிடப் பெரிய நிரல்கள் எழுதுவீர்கள். வரிசைப்படுத்தும் முன் முழு அட்டவணையையும் தேர்ந்தெடுங்கள். பத்துச் சீட்டு அடித்து, சாமானைக் கையில் வைத்துச் சரிபாருங்கள். அதைவிட முக்கியம், கல்லாவில் இருப்பவர் "அண்ணே, தப்பா வருது" என்றால், முதலில் உங்கள் வேலையைச் சந்தேகப்படுங்கள்.